பாலைவனத்தில் இருந்த மகள்

சீமோன் படுக்கையும் அடுப்பும் உள்ள காம்பர் வான் வாங்கியது பாலைவனம் பார்க்கிற ஆசையில் அல்ல. ஒரு பனிக்காலம் முழுவதும் பனி கண்ணில் படாத இடத்தில் மனைவி கிளடிஸை வைத்திருக்கவேண்டும் என்பதற்காக வாங்கினார்.

அவர்களுடைய மகள் ஸ்டெபனி அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதத்தில், கனடாவின் 401 நெடுஞ்சாலையில் இறந்துபோனாள். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் நேர்ஸாக வேலை செய்தவள். இரவு வேலை முடித்து, ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் இருந்த தாய் தகப்பன் வீட்டுக்கு விடியக் காரில் வந்துகொண்டிருந்தாள். பிக்கறிங்குக்குக் கிட்ட, ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடந்த பனியில் கார் வழுக்கித் திரும்ப, பின்னால் வந்த ட்ரக் மோதிவிட்டது. அந்த வருடம் கோடையில் அவளுக்கும் நிசாந்தன் என்ற பொடியனுக்கும் கலியாணம் நடக்க இருந்தது. மண்டபம் பதிந்து, சேலையும் எடுத்தாகிவிட்டது.

அடுத்து வந்த பனிக்காலத்தைக் கிளடிஸ் எப்படிக் கழித்தாள் என்பது சீமோனுக்கு மட்டும்தான் தெரியும். முதல் பனி விழுந்த அன்றைக்கே வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாவற்றையும் இழுத்து மூடினாள். சித்திரை பிறக்கும்வரை திறக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. தெருவில் பனி தள்ளுகிற வாகனத்தின் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்க் குளியலறைக்குள் நின்றுகொள்வாள். அவள் அழவில்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் அழுதார்கள். அழுதுவிட்டு, அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஊருக்கு ஒருக்கால் போய்வாருங்கோ என்று சிலர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் கிளடிஸின் தமக்கை இருந்தாள். ஆனால் கிளடிஸ் மறுத்துவிட்டாள். அங்கே போனால் சனம் வாசல் படலையிலேயே கட்டிப்பிடித்து அழும், அது தன்னால் ஏலாது என்றாள்.

சீமோன் ரொறொன்ரோ நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரோடு வேலை செய்த லெஸ்லி வருடா வருடம் பனிக்காலத்துக்குக் காம்பர் வானை எடுத்துக்கொண்டு அரிசோனாவுக்குப் போகிற ஆள். முழங்கால் பிடித்துக்கொண்டதால் இனி ஓட முடியாதென்று வானை விற்கப் பார்த்தார். அந்தப் பக்கம் மார்கழியிலும் வெய்யில் எறிக்கும், மழைகூட அருமை என்று லெஸ்லி சொன்னதுதான் சீமோனின் மனதில் பிடித்தது. வானைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, "ஸ்னோ விழ முந்திப் போயிடுவம்" என்றார். கிளடிஸ் யன்னலால் வானைப் பார்த்தாள். பிறகு போய் உடுப்பு அடுக்கத் தொடங்கினாள்.

கோபப்பட்டது மகன் கிளிபோட்தான். அவன் மனைவியோடு அஜக்ஸில் இருந்தான். தையில் தங்கச்சியின் இரண்டாவது ஆண்டுப் பூசை வருகிறது, தாயும் தகப்பனும் இல்லாமல் அதை எப்படி ஒப்புக்கொடுப்பது என்று கேட்டான். அம்மாவை இன்னொரு பனிக்காலம் அந்த வீட்டுக்குள் வைத்திருக்கத் தனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சீமோன் சொன்னார். கார்த்திகை முடிவதற்குள் புறப்பட்டுவிட்டார்கள்.

போகிற வழியெல்லாம் கிளடிஸ் பேசவில்லை. நியூ மெக்ஸிக்கோ தாண்டி, அரிசோனாவின் தெற்கில் மெக்ஸிக்கோ எல்லைக்குக் கிட்டப் போன பிறகுதான் அந்தக் கள்ளிகளைக் கண்டார்கள். ஊரில் வேலியோரம் வளர்ந்த நாகதாளி மாதிரி முழங்கால் உயரத்துக்கு எதையோ சீமோன் எதிர்பார்த்திருந்தார். இவையோ தெருவிளக்குக் கம்பத்தின் உயரத்தில் நின்றன. ஒற்றைத் தண்டு, அதில் இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த கைகள். சகுவாரோ என்று பெயர். மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் நின்றன.

"எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கினம்" என்றாள் கிளடிஸ்.

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று சீமோனுக்கு விளங்கியது. இளந்தாரியாக இருந்தபோது ஊரில் ஆமி செய்த ஒரு சுற்றிவளைப்பில் அவரும் கோயில் வளவுக்குள் பகல் முழுக்க அப்படி நின்றிருக்கிறார். ஆனாலும் அவள் வாய் திறந்து ஒரு வசனம் சொன்னாளே என்று அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

வான்களும் ட்ரெய்லர்களும் நிறுத்துகிற வெளியொன்றில் இடம் எடுத்தார்கள். பக்கத்து ட்ரெய்லரில் டோரின் என்ற வெள்ளைக்கார மனிசி தனியாக ஒரு நாயோடு இருந்தாள். மேற்குக் கனடாவில், சஸ்கச்சுவானில் கோதுமைக் கமம் செய்த குடும்பம், புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டியும் ஆள் நல்ல திடகாத்திரம்.

வந்து சில நாட்களில் ஒரு பின்னேரம் கிளடிஸ் தனியே நடக்கப் போய் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். காலின் ஆடுசதையில் பந்து மாதிரி ஒரு முட்கட்டி குத்தி நின்றது. சீமோன் கையால் இழுக்கப் போக, டோரின் தூரத்திலேயே கத்தி மறித்தாள். அது சொய்யா என்கிற கள்ளி, கையால் தொட்டால் கையிலும் ஏறும் என்றாள். ட்ரெய்லருக்குள் போய் ஒரு தலைவாரும் சீப்பைக் கொண்டுவந்து, முட்கட்டிக்கும் தோலுக்கும் இடையில் விட்டு ஒரே தெண்டில் எடுத்து எறிந்தாள். மிச்ச முட்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கிளடிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய கவனத்தைத் திருப்புவதற்காக டோரின் கதை கேட்டாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள்?

கிளடிஸ் சொன்னாள்: "ரெண்டு. மகனும் மகளும். ரெண்டு பேரும் அஜக்ஸில இருக்கினம். மகள் நேர்ஸ். போன வருசம்தான் கலியாணம் முடிச்சவள்."

சீமோன் கையில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். டோரின் சிரித்து, அப்படியென்றால் இந்த முட்களை மகளல்லவா பிடுங்கியிருக்கவேண்டும் என்றாள். கிளடிஸும் சிரித்தாள்.

வானுக்குள் வந்த பிறகு சீமோன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

கிளடிஸ் காலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஸ்டெபனி செத்தது தெரியாத ஒரு ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டிருக்கிறன்" என்றாள். "அந்த மனிசியிட்டையாவது பிள்ளை இருந்திட்டுப் போகட்டும்."

இது சரியில்லை என்று சொல்லத்தான் சீமோன் வாயெடுத்தார். ஆனால் அன்றைக்கு இரவு அவள் பசிக்கிறது என்று சொல்லி ரொட்டி தட்டினாள். தானாகப் பசிக்கிறது என்று அவள் சொல்லி எவ்வளவோ காலம். அவர் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கிளடிஸ் ஒவ்வொரு நாள் காலையும் டோரினோடும் நாயோடும் நடக்கப் போனாள். வெயில் ஏறிய பிறகு வந்து, கண்டதையெல்லாம் சீமோனுக்குச் சொன்னாள். சகுவாரோவுக்கு ஒரு கை முளைக்கவே ஒரு மனிசனின் ஆயுளில் முக்கால்வாசி செல்லுமாம். மரங்கொத்தி அதில் ஓட்டை போட்டுக் குடியிருக்குமாம், கள்ளி சாகாதாம். பீப்பா மாதிரி இருக்கிற கள்ளி எப்போதும் தெற்குப் பக்கமே சரிந்து வளருமாம். ஒருநாள் சீமோனையும் கூட்டிக்கொண்டு போனாள். பச்சைப் பட்டை மரம் ஒன்றின் அடியில், விரல் உயரத்தில் ஒரு குட்டிச் சகுவாரோ நின்றது. வெயிலும் உறைபனியும் படாமல் சின்னக் கள்ளியை மூடி வளர்க்கிற இந்த மரத்துக்கு நேர்ஸ் மரம் என்று பெயர் என்று டோரின் விளங்கப்படுத்தினாள். கள்ளி வளர்ந்து பெரிதாகத் தண்ணீர் போதாமல் அந்த மரம் பெரும்பாலும் பட்டுப்போகும் என்றும் சொன்னாள்.

கிளடிஸ் அதைக் கேட்டு மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். ஸ்டெபனிக்குக் கிழவர்களைப் பார்க்கிற வோர்ட்தான் விருப்பம். வேலையால் வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றிக் கண்ட கண்ட இடமெல்லாம் எறிவாள். புட்டுக்குச் சீனி போட்டுத் தின்னுவாள். எல்லாம் உண்மை. இரண்டு வருடமாக வாயில் வராத உண்மைகள். ஒன்றே ஒன்றுதான் பொய். அதெல்லாம் இன்றைக்கும் நடக்கிற மாதிரி, தின்னுவாள், எறிவாள் என்று அவள் சொன்னாள். சீமோன் முன்னால் நடந்துபோய், ஒரு கள்ளியின் ஓட்டையைப் பார்க்கிறவர் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தார். அவள் பொய் சொல்கிறாள், தான் பொறுத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்திருந்தார். மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை டோரினுடைய தண்ணீர்ப் பம்ப் பழுதாகிவிட, சீமோன் போய் அதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். டோரின் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்டெபனி எப்படி இருக்கிறாள், நத்தாருக்கும் வேலையா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

சீமோன் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே, "இல்லை, லீவில நிக்கிறாள். பிள்ளை வயித்தில" என்று சொன்னார்.

அது எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. டோரின் இரண்டு கைகளையும் கொட்டி, அவருடைய தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். அவருக்குக் காது சுட்டது. பம்பைப் பூட்டி முடித்து வானுக்குப் போகிற கொஞ்சத் தூரத்தை மெல்ல மெல்ல நடந்தார். கிளடிஸ் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் டோரினுக்கு ஒரு விசயம் சொல்லிப்போட்டன் என்று தொடங்கி, சொன்னதைச் சொன்னார்.

கிளடிஸ் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தார்.

"எத்தினை மாசம்?" என்று கேட்டாள்.

சீமோன் யோசித்தார். "அஞ்சு எண்டு வைப்பம்."

அன்றிலிருந்து அந்தச் சின்ன வானுக்குள் அவர்கள் இரண்டு பேரும் யாரும் இல்லாத நேரத்திலும் அதைப் பற்றிப் பேசினார்கள். பேத்தி என்றால் நல்லது என்றாள் கிளடிஸ். பேரன் என்றால் றொய்சன் என்று வைக்கலாம் என்றார் சீமோன். அது ஆரோ கடைக்காரனின் பெயர் மாதிரி இருக்கிறது என்று அவள் சிரித்தாள். இரவில் மலைப்பக்கம் நரிகள் ஊளையிடும்போது, முன்பு போல விழித்துக்கொண்டு கிடக்காமல் நித்திரை கொண்டாள். டோரின் பிள்ளைக்கு மஞ்சள் நூலில் ஒரு போர்வை பின்னத் தொடங்கியிருந்தாள்.

அந்த வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில், வேலையிலிருந்து இளைப்பாறிய ஒரு பாஸ்டர் மடிப்புக் கதிரைகளை வட்டமாகப் போட்டு ஜெபம் நடத்துவார். சீமோனும் கிளடிஸும் கத்தோலிக்கர்தான் என்றாலும், பூசைக்குப் போக அங்கே கிட்ட ஒரு கோயிலும் இல்லாததால் அதில் போய் இருப்பார்கள். தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, பாஸ்டர் நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு, டோரின் கேட்டுக்கொண்டபடி ஒரு தாய்க்காக ஜெபிப்போம் என்றார். ஸ்டெபனிக்கும் அவள் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் கர்த்தர் சுகப்பிரசவத்தைத் தரவேண்டும் என்று பெயர் சொல்லி மன்றாடினார். எல்லாரும் ஆமென் என்றார்கள். முன்னால் இருந்த ஒரு கிழவர் திரும்பி, சீமோனின் தோளில் தட்டி வாழ்த்தினார்.

கிளடிஸின் முகத்தைச் சீமோன் பார்த்தார். அவள் ஆமென் சொல்லவில்லை.

அதே காலையில்தான் ரொறொன்ரோவில் ஆண்டுப் பூசை. கிளிபோட் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். வான்கள் நின்ற வெளியில் சிக்னல் கிடையாது, மேடான இடத்தில்தான் கொஞ்சம் பிடிக்கும். ஜெபம் முடிந்த கையோடு இரண்டு பேரும் பின்னால் இருந்த திட்டியில் ஏறினார்கள். சகுவாரோக்களுக்கு நடுவில் ஒரு கல்லில் இருந்துகொண்டு போனைப் பார்த்தார்கள். கோயிலுக்குள் கோட்டும் தொப்பியுமாகச் சனம். பீடத்துக்கு முன்னால் ஸ்டெபனியின் படம், அதைச் சுற்றி மெழுகுதிரிகள். படம் நின்று நின்று ஓடியது. ஃபாதரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. ஸ்டெபனியின் ஆன்மா நித்திய இளைப்பாற்றியில் இருக்க மன்றாடுவோம் என்றார். பிறகு சிக்னல் விட்டுவிட்டது.

கிளடிஸ் இருண்டுபோன போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே காலமையிலை ரெண்டு இடத்திலை அவளுக்குப் பிரார்த்தனை" என்றாள். "கடவுள் எதை எண்டு கேக்கிறது?"

எழும்பி இறங்கத் தொடங்கினாள். எங்கே போகிறாள் என்று விளங்கியதும் சீமோன் அவளுடைய கையைப் பிடித்தார். இன்றைக்கு வேண்டாம், ஆறுதலாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் சொல்லாமலே போய்விடலாம் என்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டே நடந்தாள்.

டோரின் ட்ரெய்லர் வாசலில் மடியில் போர்வையோடு இருந்தாள். அது முக்கால்வாசி முடிந்திருந்தது. கிளடிஸ் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"என்ர மகள் செத்துப்போனாள். கார் விபத்து. இண்டைக்கு ரெண்டு வருசம்."

இந்த வசனத்தை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறாள் என்பது சீமோனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரொறொன்ரோவில் எவருக்கும் அவள் சொல்லவேண்டி இருக்கவில்லை. எல்லாரும் அறிந்துகொண்டுதான் வந்தார்கள்.

டோரின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை? என்று மெல்லக் கேட்டாள்.

"குழந்தை இல்லை" என்றார் சீமோன். "அது நான் சொன்னது."

டோரின் பின்னல் ஊசிகளை நூலில் குத்தி வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒவ்வொரு நாள் காலையும் கண்ணைத் திறந்தவுடன் அந்தக் குழந்தைக்காகத்தான் ஜெபித்தேன், இனி அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்றாள். மகளுக்காக மிகவும் வருந்துகிறேன் என்றும் சொன்னாள். பிறகு போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாய் மட்டும் வெளியே நின்று கிளடிஸின் கையை முகர்ந்தது.

அதற்குப் பிறகு டோரின் தனியாகத்தான் நடக்கப் போனாள். கண்டால் கையை உயர்த்துவாள், நிற்கமாட்டாள். அந்த வெளியில் தங்கியிருந்த மற்றவர்களும் அறிந்துவிட்டார்கள் போல. யாரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. சீமோனும் கிளடிஸும் வருவதைக் கண்டால் கதையை நிறுத்திக்கொண்டார்கள். மாசி பிறக்கும்போது, "வீட்டை போவம்" என்று கிளடிஸ் சொன்னாள். அங்கே இன்னும் பனி போகவில்லையே என்றார் சீமோன். "தெரியும்" என்றாள்.

புறப்பட்ட அன்றைக்கு டோரின் வாசலில் வந்து நின்று கையை அசைத்தாள். வான் திரும்பும்வரை நின்றாள்.

நியூ மெக்ஸிக்கோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் சீமோன் பெற்றோல் அடிக்கும்போது வானோடு சாய்ந்துகொண்டார். மகள் போனபோது அவர் ஓடித்திரிந்தார். பொலிஸ், ஆஸ்பத்திரி, சவச்சாலை, கோயில் என்று ஓடியதில் அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது, பிறக்காத, வயிற்றிலும் இருக்காத அந்தப் பிள்ளையை நினைத்து அழுகை வந்தது. ஏழு மாதம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்த மனதை என்ன செய்வதென்று தெரியாமல், முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஏறினார். கிளடிஸ் துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

ஒகாயோவில் முதல் பனியைக் கண்டார்கள். கிளடிஸ் கண்ணை மூடவில்லை. வின்ட்சர் எல்லையால் கனடாவுக்குள் ஏறினால் அதற்குப் பிறகு வீடுவரைக்கும் 401தான். தங்கள் வீட்டுக்கு ஸ்காபரோவில் இறங்குகிற இடம் கிட்ட வந்தபோது சீமோன் சிக்னல் போட்டார். இறங்கவேண்டாம், நேரே கிளிபோட் வீட்டுக்கு விடுங்கோ என்றாள் கிளடிஸ். அப்படிப் போனால் எதைத் தாண்டவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் சிக்னலை நிறுத்தினார்.

பனி தூறத் தொடங்கியிருந்தது. பிக்கறிங் பலகை தெரிந்ததும் அவள் எந்த இடம் என்று கேட்டாள்.

"அங்காலைப் பக்கம். இப்ப வரும்."

நடுவில் சீமெந்துச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரொறொன்ரோவுக்குப் போகிற வாகனங்களின் கூரைகள் மட்டும் தெரிந்தன.

"இதுவோ?"

"ஓம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் பின்னால் போய்விட்டது. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நிற்பாட்டவும் முடியாது.

கொஞ்சத் தூரம் போன பிறகு கிளடிஸ் கேட்டாள்.

"அவளுக்கு நொந்திருக்குமோ?"

எத்தனையோ பேருக்குச் சீமோன் இதற்கு மறுமொழி சொல்லியிருக்கிறார். இல்லை, உடனே போய்விட்டாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று செத்தவீட்டில் நின்று சொல்லியிருக்கிறார். அது இப்போதும் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியாது, கிளடிஸ்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள். வாய்விட்டு, மூக்கால் வடிய, இருந்த சீற்றில் முன்னுக்குக் குனிந்து அழுதாள். ஒரு கையால் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை அவளுடைய முதுகில் வைத்தபடி சீமோன் ஓட்டினார். அழுதால் பாரம் குறையும் என்று சொல்வார்கள். குறைந்தமாதிரி அவருக்குத் தெரியவில்லை.

கிளிபோட் வீட்டு வாசலில் வானை நிறுத்தினார்கள். அவன் கதவைத் திறந்து வெளிச்சத்தில் நின்றான், தாயின் முகத்தைக் கண்டு வருவதா விடுவதா என்று தெரியாமல். "கொஞ்சம் இருப்பம்" என்றாள் கிளடிஸ். சீமோன் எஞ்சினை நிறுத்தினார். முன்கண்ணாடியில் பனி ஒவ்வொரு துகளாக வந்து விழுந்தது. முதலில் உருகியது, பிறகு உருகாமல் சேரத் தொடங்கியது. கண்ணாடி முழுவதும் வெள்ளையாகி மகனுடைய உருவம் மறையும்வரை கிளடிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.